கொக்கு மார்க் டிவி

ஒரு வீட்டுக்குள் வைத்து என்னைப் பூட்டிய நாளில்தான் எங்கள் கம்பெனி இல்லாமல் போன விஷயம் எனக்குத் தெரியவந்தது.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அது கொக்கு கம்பெனி, அதன் டிவி கொக்கு மார்க் டிவி. நீல வட்டத்துக்குள் கழுத்தை நீட்டிப் பறக்கிற ஒரு வெள்ளைக் கொக்கு, அதுதான் அதன் அடையாளம். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். எண்ணூர் கழிமுகத்தில் தினமும் கொக்கைப் பார்க்கிற எங்களுக்கு அது தெரியும். படம் வரைந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஏதோ அவசரமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ராயபுரத்தில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் அதே கொக்கு நியான் விளக்கில் இருந்தது. மூன்று ஜோடி இறக்கைகள் ஒன்று மாற்றி ஒன்று எரியும். சின்ன வயதில் அம்மாவோடு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் எனக்குக் கிடைத்துவிட்டால் அந்தக் கட்டடம் மறைகிறவரை கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். வழி கேட்பவர்களுக்குக் கொக்குக்கு எதிர்ச் சந்து, கொக்குக்கு அடுத்த ஸ்டாப்பிங் என்றுதான் சொல்லுவார்கள். ஒரு பொங்கலுக்கு எங்கள் வாசலில் நான் போட்ட கோலமே அந்தக் கொக்குதான். நீலப்பொடி தீர்ந்து வட்டம் பாதியில் நின்றுவிட்டது. தெருவில் போனவர்கள் எல்லாரும் அது என்னவென்று கண்டுபிடித்தார்கள்.

அதனால், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய கடை. அதை எடுத்து நடத்தியவரை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெண்ணை ஏன் மெக்கானிக்காக எடுத்தீர்கள் என்று பலரும் அவரைக் கேட்டார்கள். பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விடுகிற வீடுகளில் பெண்கள் தனியாக இருப்பார்கள், கோஷா வீடுகளில் ஆண் மெக்கானிக்கை உள்ளே விடமாட்டார்கள், இந்தப் பெண் போனால் எல்லாக் கதவும் திறக்கும் என்பார். அது உண்மைதான். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் நான் உட்கார்ந்து டீ குடிக்காத வீடு குறைவு.

கம்பெனி எனக்கு ஒரு வெளிர்நீலச் சட்டை கொடுத்தது. சுடிதாருக்கு மேல் கோட்டு மாதிரி போட்டுக்கொள்ளலாம். இடதுபக்கப் பையில் நூலால் கொக்கு தைத்திருக்கும். அம்மா அதைத் தனியாகத் துவைத்து, இஸ்திரி போட்டுத்தான் தருவாள். அப்பா வேலை பார்த்த திருவொற்றியூர் தொழிற்சாலை, நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கதவை மூடியிருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு கம்பெனியின் பெயரைச் சட்டையில் சுமந்துகொண்டு வெளியே போன ஆள் நான்தான். அப்பா வாசலில் நின்று நான் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடம் அந்தச் சட்டைக்கு மரியாதை இருந்தது. அதற்குப் பிறகு கொரியாக்காரர்களின் டிவி வந்தது. கடைகளில் கொக்கு மார்க் செட்டுகளை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குத் தள்ளினார்கள், பிறகு மாடிப்படிக்கு அடியில். எங்களுக்கு உதிரிபாகம் வருவது குறைந்தது. வாரம் ஒரு பெட்டி வந்தது, பிறகு மாதம் ஒரு பெட்டி, பிறகு பெட்டியில் கேட்டதற்குப் பதிலாக வேறு ஏதோ. கூட வேலை பார்த்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போனார்கள். நானும் போய்ப் பார்த்தேன். போன இடமெல்லாம் என் சர்டிபிகேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார்கள். பில் போடுகிற வேலை வேண்டுமானால் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். லேடீஸ் மாடியேறி ஆன்டெனா கட்ட முடியாதே என்று இன்னொருவர். நான் கட்டிய ஆன்டெனாக்கள் திருவொற்றியூர் மாடிகளில் நின்றுகொண்டுதான் இருந்தன, அதை அவரிடம் சொல்லி என்ன பயன்?

ஆகவே நான் பாய் கடையிலேயே இருந்தேன். காலையில் பஸ் ஏறுவேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் இரும்புச் சுவர் மாதிரி லாரிகள், நடுவில் பஸ், பஸ்ஸுக்குள் நாங்கள். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் எல்லாரும் மூக்கை மூடிக்கொள்வோம், அவ்வளவுதான், இறங்கி எங்கே போவது? கடைக்குப் போய்ச் சேர்ந்தால் கவுன்ட்டரில் ஆட்கள் காத்திருப்பார்கள். அடுத்த வாரம் பார்ட்ஸ் வந்துவிடும் என்று சொல்வேன். அடுத்த வாரமும் அதையே சொல்வேன். வெளியே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதலில் சட்டைப்பையைத்தான் பார்ப்பார்கள், பிறகு திட்டுவார்கள். ஒரு நாள் சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். யாரென்று தெரியாமல் அந்த வீட்டில் உள்ளேயே விடவில்லை. சட்டை இருந்தாலும் கஷ்டம், இல்லாவிட்டாலும் கஷ்டம் என்று ஆகிவிட்டது.

காசிமேட்டில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் மூன்றாவது தடவையாகப் போனேன். மீன் வியாபாரம் செய்கிற ஒரு அம்மாவின் வீடு. ஐம்பது வயதிருக்கும். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் ஏற்றி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். குரல் எடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும். வீட்டில் அவரும், மகனும், மருமகளும். மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். டிவி மருமகள் சீரோடு வந்தது. கேரண்டி முடியவில்லை. சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். பின்பக்கத்தில் காதை வைத்தால் சர்ரென்று பொறி பறக்கிற சத்தம். உப்புக்காற்று பட்டு ஹை வோல்ட்டேஜ் டிரான்ஸ்பார்மர் போயிருந்தது. அதை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அது கொக்கு கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட பார்ட், வேறு எந்தக் கம்பெனியுடையதும் அதில் உட்காராது.

அன்றைக்கும் பார்ட் வரவில்லை. அதைச் சொல்லத்தான் பாய் என்னை அனுப்பினார். நேரில் போய்ச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்றார்.

நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. எழுந்து வெளியே போய், வாசற்கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டு மாட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக முகம் தெரிந்தது.

"இந்தா பொண்ணு, நீ இங்கியே குந்து. அதோ போன் கீது. உங்க கம்பெனிக்குப் போன் போட்டு சாமானை எட்த்தாரச் சொல்லு. டிவி ஓட்னாதான் கதவு தொறக்கும்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கதவைத் திறங்கம்மா, நாளைக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்றேன். நாளைக்கு என்கிற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஜன்னலை விட்டு நகர்ந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. மருமகள் சமையற்கட்டின் வாசலில் நின்றுகொண்டு என்னையும் அந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். மெலிந்த பெண்.

போனை எடுத்துப் பாய்க்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் உள்ளேதான் இருக்கிறாயா என்று கேட்டார். நான் பேசிப் பார்க்கிறேன், நீ பயப்படாதே என்று சொல்லி வைத்துவிட்டார். காத்திருந்தேன். திரும்பப் போன் வரவில்லை. கம்பெனித் தலைமை ஆபீஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். முன்பு தினமும் பார்ட்ஸுக்காக அடித்து அடித்து விரலுக்கே தெரியும்; போன மாதத்திலிருந்துதான் அந்த வேலையைப் பாய் பார்த்துக்கொண்டார். அதை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு தொழிற்சாலை நம்பரை அடித்தேன். மணியே அடிக்கவில்லை. ஒரு பெண் குரல், பதிவு செய்த குரல், இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்று தமிழில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது, பிறகு மறுபடி தமிழில். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிளை ஆபீஸ் நம்பரை அடித்தேன். அதே பெண், அதே வார்த்தைகள்.

கம்பெனி கஷ்டத்தில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கஷ்டத்தில் இருப்பது வேறு, இல்லாமல் போவது வேறு. எவ்வளவு பெரிய தொழிற்சாலை, எத்தனை ஊரில் போர்டு! ஒரு நாள் காலையில் மணி அடிக்காமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் என் உருவம் தெரிந்தது. நீலச் சட்டை கறுப்பாகத் தெரிந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னால் இனிமேல் இந்த டிவி ஓடாது என்று ஆகிவிடும். ஓடினால்தான் கதவு திறக்கும் என்கிறார். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது. ஜன்னலுக்குப் போய், அம்மா, கம்பெனி போனே இல்லை, மூடிவிட்டார்கள்போல் இருக்கிறது என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. வாங்கின கடையிலேயே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தார். என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மருமகளைக் கூப்பிட்டு, இவளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் வீடு ரொம்பச் சின்னதாகிவிட்டது. தாழ்வான ஓட்டுக்கூரை. மதிய வெயில் ஓட்டில் இறங்கி உள்ளே வேகவைத்தது. மூலையில் சுருட்டி வைத்த வலையிலிருந்து உப்பு வாடை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் போகிறவர்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? கொக்கு கம்பெனிக்காரியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பாதிப் பேர் நல்லது என்பார்கள். அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் கொக்கு மார்க் டிவி பழுதாகிக் கிடந்தது. என் வீட்டுக்குச் சொல்ல முடியாது, எங்கள் வீட்டில் போன் இல்லை. சாயங்காலம் நான் வராவிட்டால் அப்பா வாசலில் நிற்பார். ஒரு பெண் பகல் முழுக்க யாரோ வீட்டில் அடைபட்டுக் கிடந்தாள் என்று தெரு பேசினால், ஏற்கெனவே ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற பெண் என்று தட்டிப்போய்க்கொண்டிருந்த வரன்கள் எல்லாம் சுத்தமாக நின்றுபோகும். இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது.

மருமகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, பின்னாடி கதவு பூட்டல. தாப்பா மட்டும்தான் போட்டுக்கீது. நீ வேணா போய்டு."

எனக்கு உடனே எழுந்து ஓடவேண்டும்போல் இருந்தது. பையைக்கூட எடுத்துவிட்டேன். நான் போனால் உன்னை என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தேன்.

அப்புறம் அவளே பேசினாள். அவள் ஊர் சடையங்குப்பம். ஒரே அறை வீடு, மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். மூன்று பெண்களில் இவள் மூத்தவள். டிவி பழுதானதிலிருந்து புருஷனுக்குக் கோபம். போன தடவை கடலுக்குப் போவதற்கு முன்னால் குடித்துவிட்டு வந்து, தான் கரைக்குத் திரும்புவதற்குள் அந்தப் பெட்டி ஓடவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு இவளும் அப்பன் வீட்டுக்குப் போகட்டும் என்று கத்தியிருக்கிறான். கையையும் ஓங்கியிருக்கிறான். நடுவில் போய் நின்றது மாமியார்தான். அவர் பிடித்த பிடியில் மகன் தடுமாறிச் சுவரில் மோதிக்கொண்டானாம். மறுநாள் விடியற்காலையில் படகு கரைக்கு வருகிறது.

அதுவரை அந்த அம்மாவை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். தன் வீட்டு டிவிக்காக ஒரு பெண்ணைப் பூட்டி வைக்கிற பொம்பளை என்று. அவர் என்னைப் பூட்டி வைத்தது இன்னொரு பெண் வெளியே தள்ளப்படாமல் இருக்க. அது தெரிந்த பிறகும் எனக்கு மூச்சு முட்டுவது குறையவில்லை. ஆனால் தாழ்ப்பாளைத் திறக்கவேண்டும் என்கிற எண்ணம் போய்விட்டது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டிவியின் சத்தத்தை மட்டும் வைத்து ஏதோ ஒரு படம் கேட்டோம். யார் அழுகிறார்கள், யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

மாமியார் சாயங்காலம்போல் வந்தார். முகம் வெயிலில் கறுத்துக் களைத்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். டிவி விற்ற கடையில் போர்டையே மாற்றிவிட்டார்களாம். கொக்கு பறந்துபோச்சும்மா என்று கடைப் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எய்ந்து போ பொண்ணு. உன்னை வச்சுகினு நான் இன்னா பண்றது? அந்தக் கம்பெனிக்காரன் உன்னையும்தான் வுட்டுட்டுப் போய்க்கீறான்."

கதவு திறந்திருந்தது. நான் எழுந்து வாசல்வரை போய்விட்டு நின்றேன். எங்கள் கடையில் ஷோவுக்கு ஒரு செட் ஓடிக்கொண்டிருக்கிறது, இதே மாடல்தான், அதிலிருந்து பார்ட் எடுத்து நாளைக் காலையில் வருகிறேன் என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. வந்தால் வா என்று மட்டும் சொன்னார்.

கடைக்குப் போனபோது பாய் ஷோ செட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த செட் கண்ணாடிக்குப் பின்னால் தினமும் ஓடும். கிரிக்கெட் நாளில் பிளாட்பாரத்தில் கூட்டம் நிற்கும். நீ வந்துட்டியாம்மா, போலீசுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். கம்பெனி இல்லையாமே பாய் என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்மா. போன மாசமே தெரியும். சொன்னா நீயும் போய்டுவ. அப்பால இந்தக் கடையில நான் மட்டும் குந்திகினு இன்னா பண்றது?"

அன்றைக்கு எனக்கு வந்த மாதிரி கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. தெரிந்தேதான் இந்தச் சட்டையைப் போட்டு வீடு வீடாக அனுப்பினாரா? நேரில் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினாரே? எல்லாவற்றையும் கேட்டேன். குரல் உடைந்து அழுகை வந்தது. அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மனிதர் தன்னிடம் இருந்ததை எல்லாம் அந்தக் கடையில் போட்டிருந்தார். கம்பெனியை யாராவது பெரிய ஆள் வாங்கிவிடுவார், மறுபடி ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவர் மாட்டிக்கொண்டதில் என்னையும் இழுத்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அழுது முடித்துவிட்டு, இந்த செட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றேன். முடியாது என்றார். நல்லா ஓடுகிற கடைசி செட் அது, அதையும் பிரித்துவிட்டால் கடையில் என்ன இருக்கிறது என்றார். நான் காசிமேட்டுக் கதையைச் சொன்னேன். சடையங்குப்பத்துப் பெண்ணையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிறவரைக்கும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவரே ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கினார். பிளாட்பாரத்தில் நின்றிருந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, என்ன பாய், கரண்ட் இல்லையா என்று சைகையில் கேட்டார். பாய் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

டிவியை அணைத்த பிறகும் பிக்சர் டியூபுக்குள் கரண்ட் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். பாய் டார்ச் பிடிக்க, நான் ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தேன். பட்டென்று ஒரு சத்தம். நூறு தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு இரண்டு பேரும் திடுக்கிட்டோம். டிரான்ஸ்பார்மரைப் பிரித்து எடுத்து ஒரு துணியில் சுற்றினேன். பாய் பின்மூடியை மறுபடி ஒவ்வொரு ஸ்க்ரூவாக மாட்டினார். ஓடாத செட்டுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில்தான் நின்றிருந்தார். கன்டெய்னர் ஜாம் என்றேன். நம்பினார்.

மறுநாள் விடியும்போது காசிமேட்டில் இருந்தேன். ஏலக்காரர்களின் கத்தல், ஐஸ் வண்டிகள், கூடைகளோடு பெண்கள். அந்த அம்மா ஏலத்துக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். மருமகள் சாலிடரிங் அயர்னுக்கு பிளக் மாட்டிக் கொடுத்தாள். நான் கழற்றி, மாட்டி, பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே மகன் வந்துவிட்டான். நான் ஒரு முரடனை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, கண்கள் சிவந்து, நிற்கமுடியாமல் நின்ற ஒரு ஆள். அம்மாவின் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். திரை மெல்ல வெளுத்து, படம் வந்தது. காலைச் செய்தி. மருமகள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. மாமியார் மகன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் டிவியைப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுல எங்க நைனா கூட கடலுக்குப் போவேன். திரும்பி வர்றப்போ அந்தக் கொக்கு லைட்டுதான் மொதல்ல தெரியும். அதான் இந்த டிவிதான் வோணும்னு கேட்டேன். இப்ப அது எரியறதில்ல."

அதைச் சொல்லிவிட்டு, போட்ட சோற்றைச் சாப்பிட்டு, டிவிக்கு நேர் எதிரில் படுத்து அப்படியே தூங்கிப்போனான். யார் வீட்டைவிட்டுப் போகவேண்டும், யார் இருக்கவேண்டும் என்று அவன் பேசவே இல்லை. அவன் கால் பட்டு என் பை கவிழ்ந்து ஸ்க்ரூக்கள் தரையில் உருண்டன. மருமகள் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தாள். அந்த அம்மா வாழையிலையில் நான்கு வஞ்சிரம் துண்டு கட்டிக் கொடுத்தார். கதவுவரை வந்து, நேற்றைக்குச் செய்தது தப்புதான் என்றார். பிறகு, ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் நீ இன்றைக்கு வந்திருப்பாயா என்று கேட்டார். வந்திருக்கமாட்டேன். அதை அவரிடம் சொன்னேன்.

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. போக இடம் இல்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அதே கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வித்தியாசம், அடுத்த வாரம் என்று சொல்வதை நிறுத்தினேன். கம்பெனி இல்லை, இனி வராது என்று நேராகச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் கேரண்டி கார்டை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். ஒரு பெண், என் கல்யாணத்தில் வாங்கியது என்று சொல்லி அழுதாள். பாதி செட்டுகளை விட்டுவிட்டே போனார்கள். அவற்றிலிருந்து பார்ட் எடுத்து மீதி செட்டுகளுக்குப் போட்டோம். நடுவில் நின்று பார்த்தால், கடையின் மூன்று பக்கமும் கறுப்புத் திரைகள். பாய் தினமும் ஊதுபத்தி ஏற்றுவார். எனக்குச் சில மத்தியானங்களில் மூச்சு அடைக்கும், வெளியே போய் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வருவேன்.

கடைசியில் கட்டடத்தின் சொந்தக்காரர் இடத்தைக் கேட்டுவிட்டார். பாய் அவருடைய தம்பியோடு சேர்ந்து துணி வியாபாரத்துக்குப் போனார். போகும்போது அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேமராக்களையும் மானிட்டர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே இன்டர்வியூவில் மாடியேறுவீர்களா என்று யாரும் கேட்கவில்லை. முதல் நாளே கிரேன் உயரத்துக்கு ஏணியில் ஏற்றிவிட்டார்கள். மேலே போனபோது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மணலிப் புகைபோக்கிகளும் தெரிந்தன. கொஞ்ச நேரம் வேலையைப் பார்க்காமல் நின்றேன்.

கொக்கு கம்பெனியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் முழுசாக வருவதில்லை. ஏமாற்றிவிட்டுத்தான் போனது. ஆனாலும் எங்கேயாவது பழைய பேப்பர் கடையில், ரேடியோ ரிப்பேர் கடையின் மேல்தட்டில் அந்த நீல வட்டம் தென்பட்டால் கால் நின்றுவிடுகிறது. அது கம்பெனிமேல் உள்ள பிரியமா, பஸ் ஜன்னலில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்தச் சின்னப் பெண்மேல் உள்ள பிரியமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து, தண்டையார்பேட்டையில் ஒரு ஷேர் ஆட்டோவில் அந்த மருமகளைப் பார்த்தேன். அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். நன்றாகச் சதைபிடித்து, குரலும் மாமியார் குரல் மாதிரி ஆகியிருந்தது. மடியில், தோளில் சாய்ந்தபடி ஒரு பெண்குழந்தை. இப்போது இவளே ஏலத்துக்குப் போகிறாளாம், மாமியாருக்கு முழங்கால் முடியவில்லையாம். புருஷன் குடியை விட்டானா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்றாள். நான் அந்த டிவி எத்தனை நாள் ஓடியது என்று கேட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டி ஓடியதாகவும், பிறகு பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். இப்போது வீட்டில் என்ன டிவி என்றேன்.

அவள் யோசித்தாள். குழந்தையின் தலையை நகர்த்தி மறுதோளில் போட்டுக்கொண்டு மறுபடி யோசித்தாள்.

"பேரு தெர்லக்கா. ஏதோ ஒண்ணு. ஓடிகினு கீது" என்றாள்.

அவள் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. ஒருநாள் வீட்டுக்கு வா அக்கா என்று சொல்லிவிட்டு, குழந்தையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.